தும்பைக்காட்டுக்கு ஒரு நர்சம்மா

பொன்னுச்சாமிக்குத் தெரிந்த இங்கிலீஷ் முப்பது நாற்பது சொற்களுக்குள் அடங்கிவிடும். டூட்டி, லோடு, டேமேஜ், ஓவர்டைம், நோ பிராப்ளம். துபாயின் அல் குசைஸ் பகுதியில் ஒரு சரக்குக் கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்குகிறவனுக்கு அதற்கு மேல் தேவைப்பட்டதும் இல்லை. அப்படிப்பட்ட ஆள், 2005ஆம் வருஷம் ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, பதினோரு பக்க இங்கிலீஷ் விண்ணப்பம் ஒன்றை பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு செய்கு அலாவுதீனின் டைப்பிங் சென்டர் வாசலில் வந்து நின்றான்.

அலாவுதீன் கீழக்கரைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். விசா, லேபர் கார்டு, லைசென்ஸ், எந்த விண்ணப்பமானாலும் அரபியிலும் இங்கிலீஷிலும் மளமளவென்று தட்டிக் கொடுத்துவிடுவார். இருபது வருஷத்தில் தான் பார்க்காத ஃபாரம் இல்லை என்று பெருமையடித்துக்கொள்வார். பொன்னுச்சாமி நீட்டியதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்ன தம்பி இது? ஒரு ஊருக்கே விசா கேக்குற மாதிரில இருக்கு."

ஏறத்தாழ அப்படித்தான். பொன்னுச்சாமியின் கம்பெனி ஒரு அறநிதி வைத்திருந்தது. வருஷத்துக்கு ஒரு தொழிலாளியின் சொந்த ஊரைத் தேர்ந்தெடுத்து, அங்கே ஒரு நல்ல காரியத்துக்கு மூன்று வருஷம் பணம் கொடுப்பார்கள். பள்ளிக்கூடமோ, கிணறோ, ஆஸ்பத்திரியோ, எதுவானாலும் சரி. தொழிலாளி தன் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். முடிவு தெரிகிற வரைக்கும் லீவு போடாமல் வேலையில் இருக்க வேண்டும். சாப்பாட்டுக் கூடத்து நோட்டீஸ் பலகையில் இதை ஒட்டியபோது பாதிப்பேர் அதன்மேல் ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் போனார்கள். பொன்னுச்சாமி யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டு, அடுத்த போனில் மனைவியிடம் சொன்னான்.

அவன் கல்வராயன் மலைக்காரன். தும்பைக்காடு என்பது மலைமேல் நாற்பத்தெட்டு வீடுகள் உள்ள பழங்குடி ஊர். அந்த மலையில் உள்ள பழங்குடிகளுக்கு மலையாளி என்றே பெயர். துபாய்க்கு வந்து இதைச் சொன்னால் என்ன கதி ஆகும்? வந்த புதிதில் கேரளத்து டீக்கடைக்காரர் ஒருவர் "நாட்டில் எவிடெயா?" என்று ஆசையாகக் கேட்க, இவன் திருதிருவென்று விழிக்க, சொந்த மொழியை மறந்த துரோகி என்று அவர் ஒரு மாதம் இவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் "சேலம் பக்கம்" என்று சொல்லி முடித்துக்கொண்டான்.

தும்பைக்காட்டில் சுகாதார மையம் என்று ஒரு அறை இருந்தது. சின்ன அறக்கட்டளை ஒன்று கட்டிக் கொடுத்தது. செவ்வாயும் வெள்ளியும் கீழேயிருந்து ஒரு நர்சம்மா வருவார். மற்ற நாட்களில் கதவைத் திறந்துவைத்து, காய்ச்சல் மாத்திரை கொடுத்து, புண்ணுக்கு மருந்து போடுவது பொன்னுச்சாமியின் மனைவி நாகவள்ளி. ஊரில் பத்தாவது வரை படித்த ஒரே பெண் அவள்தான். அதற்கு மேல் எதுவானாலும் ஆளைத் தூளிகட்டி, மூங்கிலில் தொங்கவிட்டு, பதினோரு கிலோமீட்டர் இறங்கிப் பஸ் ரோட்டுக்குத் தூக்கிப்போக வேண்டும். நடுவில் ஒரு ஓடை. மழை பெய்தால் ஓடையில் தண்ணீர் வடிந்து வழி விடுகிற வரைக்கும் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"நீங்க எழுதுங்க," என்றாள் நாகவள்ளி போனில். "ஊர்லயே தங்கற நர்சம்மா ஒருத்தங்க. ராத்திரியும் இருக்கணும். அப்புறம் ஒரு ஜீப்பு. வேற எதுவும் வேணாம்."

"எழுதுனா லீவு தள்ளிப்போகும் வள்ளி. ரெண்டு வருஷம் முடிஞ்சு இப்பத்தான் லீவு வருது. அஞ்சாறு மாசம் ஆயிடும்."

"பரவால்ல. எழுதுங்க."

அந்தப் பரவாயில்லை அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. அறையில் மற்றவர்களின் மனைவிமார்கள் எப்போ வர்றீங்க, எப்போ வர்றீங்க என்று நச்சரிக்கிறார்கள். அவர்கள் சலித்துக்கொள்வதைப் பார்த்தால் இவனுக்கு வயிறு எரியும். நாகவள்ளி ஒரு தடவைகூட அதைக் கேட்டதில்லை. மலையில் போன் கிடையாது. மாதத்தில் இரண்டாம் வெள்ளிக்கிழமை அவள் அடிவாரத்து எஸ்.டி.டி. பூத்துக்கு இறங்கி வருவாள், இவன் காலை ஒன்பதரைக்குக் கூப்பிடுவான். அந்தப் பத்து நிமிஷத்துக்காக மாதம் முழுக்க அவன் என்னென்னவோ சேர்த்து வைத்திருப்பான். கடற்கரையில் பார்த்த வெள்ளைக் கொக்கு, கனவில் அவள் கட்டியிருந்த சேலை, ஜன்னலே இல்லாத கிடங்கில் எங்கிருந்தோ திடீரென்று வந்த மழை வாசம். விண்ணப்பம் வந்த பிறகு அதற்கெல்லாம் நேரமே இல்லை. எத்தனை கர்ப்பிணிகள், எத்தனை குழந்தைகள், ஓடைக்கு எவ்வளவு தூரம் என்று அவள் எழுதி வைத்திருப்பதைப் படிப்பாள், இவன் எழுதிக்கொள்வான். மனைவியோடு பேசுகிறோமா தாசில்தார் ஆபீசோடு பேசுகிறோமா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு ஆணுக்கு இன்னொரு ஆண்மேல் பொறாமை வரலாம். இவனுக்கு ஓட்டுக்கூரை போட்ட ஒற்றை அறையின்மேல் பொறாமை வந்தது.

நாலு வெள்ளிக்கிழமை உட்கார்ந்து விண்ணப்பத்தை முடித்தார்கள். அலாவுதீன் இங்கிலீஷைப் படித்துத் தமிழில் கேட்பார்.

"இந்த நிதி கிடைக்காட்டி, பயனாளிகளுக்கு என்ன விளைவு ஏற்படும்னு கேட்டிருக்கு."

"செத்துப்போவாங்க பாய்."

"அப்புடி எழுதுனா மரியாதையா இருக்காதே தம்பி. 'மிகுந்த சிரமத்துக்கு உள்ளாவார்கள்'னு போடவா?"

"சிரமம் இல்ல பாய். செத்துப்போவாங்க."

அலாவுதீன் கொஞ்சம் யோசித்து, மரியாதையை ஒதுக்கி வைத்துவிட்டு அப்படியே தட்டினார்.

மார்ச்சில் கம்பெனியின் எச்.ஆர். மேடம் சந்தியா அவனைக் கூப்பிட்டனுப்பினாள். தமிழ்ப்பெண்தான், ஆனால் பிறந்ததும் வளர்ந்ததும் துபாய். தமிழ் கேட்டால் புரியும், பேசினால் பாதிக்கு மேல் இங்கிலீஷ். நாற்பது விண்ணப்பத்தில் மூன்றைப் பொறுக்கி எடுத்திருப்பதாகவும், அதில் தும்பைக்காடும் ஒன்று என்றும் சொன்னாள். ஏப்ரலில் சென்னையிலிருந்து ரெங்கராஜ் என்று ஒரு அதிகாரி நேரில் போய்ப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார். அதை வைத்துத்தான் முடிவு.

பொன்னுச்சாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த மாதப் போனில் நாகவள்ளியோடு ஊர்ப் பெரியவர் ஒருவரையும் பூத்துக்கு வரச்சொல்லி, அவரிடம் அழுத்தம் திருத்தமாகச் சொன்னான்.

"பெரிய எடத்துல இருந்து வர்றாரு மாமா. ஒரு கொறையும் இல்லாம நல்லா கவனிச்சுக்கங்க."

இதுதான் அவன் செய்த தப்பு. மலைக்காரனிடம் போய் விருந்தாளியை நன்றாகக் கவனி என்று சொல்லலாமா? அதை அவர்கள் சொல்லாமலே செய்வார்கள். சொல்லிவிட்டால் தலைகீழாக நின்று செய்வார்கள்.

ரெங்கராஜ் வந்த நாளைக்கு ஊரே மெழுகி, கோலம் போட்டு, கல்யாண வீடாக இருந்தது. சாமைச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு, பலாச்சுளை, தேன். இருமுகிறவர்களையும் காய்ச்சல்காரர்களையும் விருந்தாளி கண்ணில் படாமல் காட்டுக் கொட்டகைக்கு அனுப்பி வைத்தார்கள். அவர் வீடு வீடாகப் போய், நோய்நொடி உண்டா, பிரசவத்துக்கு என்ன செய்கிறீர்கள், சமீபத்தில் யாராவது இறந்தார்களா என்று கேட்டார். நாற்பத்தெட்டு வீட்டிலும் ஒரே பதில்தான் வந்தது.

"ஒரு கொறையும் இல்லீங்க. நல்லா இருக்கோம்."

போன மாதம் புருஷனைப் பாம்புக்குப் பறிகொடுத்தவளும் அதையே சொன்னாள். தும்பைக்காட்டு வழக்கம் அது. வந்தவரிடம் துயரத்தைச் சொல்லக் கூடாது. சொன்னால் அதை அவர் சுமந்துகொண்டு மலை இறங்க வேண்டும். பாரத்தோடு இறங்குகிறவருக்குக் கால் இடறும்.

இதைச் சமாளிக்கக்கூடியவள் ஒருத்திதான். அவள் அன்றைக்கு ஊரில் இல்லை. விடிகாலையில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்து, தூளியோடு கூடவே நாகவள்ளியும் கீழே போயிருந்தாள். பஸ் ரோட்டோரத்தில், ஒரு பெட்டிக்கடைக்குப் பின்னால், அவள் கையில்தான் அந்தக் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். சாவி அவள் இடுப்பில் இருந்ததால் மையம் பூட்டிக் கிடந்தது. ரெங்கராஜ் பூட்டை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

சந்தியா மேடம் ரிப்போர்ட்டை மேஜையில் வைத்துக்கொண்டு பாவமாகப் பார்த்தாள்.

"உங்க பீப்பிள் எல்லாம் ரொம்ப ஹேப்பின்னு எழுதியிருக்கார் பொன்னுச்சாமி. ஹெல்த் சென்டர் லாக் பண்ணியிருந்துச்சாம். யாரும் யூஸ் பண்றதே இல்லைன்னு போட்டிருக்கார். நான் கமிட்டிகிட்ட என்ன சொல்றது?"

பொன்னுச்சாமி முப்பது நாற்பது சொற்களிலும் தேடிப் பார்த்தான். எதுவும் உதவவில்லை. அவள் நல்லவள். மே மாதக் கடைசி வரை நேரம் வாங்கித் தருவதாகவும், அதற்குள் ஊர் ஜனங்களே தங்கள் வாயால் சொன்ன வாக்குமூலம் பத்துப் பேருடையதாவது எழுத்தில் வேண்டும் என்றும் சொன்னாள்.

"பொய் சொல்லிட்டாகளா?" என்றார் அலாவுதீன், கேட்டுவிட்டு.

"பொய் இல்ல பாய். எங்க வழக்கம். வெளியாளுகிட்ட சொல்ல மாட்டாங்க."

"அப்ப யாருகிட்டதான் சொல்வாக?"

"எங்களுக்குள்ள சொல்லிக்குவோம்."

"நீங்க யாரு? வெளியாளா?"

பொன்னுச்சாமிக்கு அப்போதுதான் கேசட் ஞாபகம் வந்தது. அவன் அறையில் பாதிப்பேருக்கு ஊரிலிருந்து கேசட் வரும். எழுதத் தெரியாத மனைவிமார்கள் டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசி, லீவு முடிந்து திரும்புகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். மாடு கன்று போட்டது, பக்கத்து வீட்டுக்காரி வேலியைத் தள்ளி நட்டது எல்லாம் அதில் இருக்கும். ஒன்று மட்டும் இருக்காது. வெளிநாட்டில் இருக்கிறவனுக்குக் கெட்ட சேதி சொல்லக் கூடாது என்பது கீழக்கரையிலும் உண்டு, கல்வராயனிலும் உண்டு. எல்லாக் கேசட்டும் இங்கே அனைவரும் சுகம் என்றுதான் ஆரம்பிக்கும், அப்படியேதான் முடியும். அந்த வழக்கத்தைப் பற்றி அந்த நிமிஷத்தில் அவன் நினைக்கவில்லை. நினைத்தவள் நாகவள்ளிதான்.

"எல்லாரும் கேசட்டுல எங்கிட்டப் பேசட்டும் வள்ளி. ஊருக்குள்ள பேசுற மாதிரி. எது எது நடந்துச்சோ, மறைக்காம சொல்லட்டும்."

போனில் லைன் போய்விட்டது என்று நினைத்து அவன் ஹலோ ஹலோ என்று கத்தினான்.

"இருக்கேன்," என்றாள். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா? மறைக்காமலா?"

"ஆமா. அப்பத்தான் நர்சம்மா வருவாங்க."

"சரி."

கேசட் மே மூன்றாவது வாரம் சின்னசேலத்துக்காரர் ஒருவரின் பெட்டியில், முறுக்குப் பொட்டலத்துக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அலாவுதீன் கடையைத் திறந்ததும் இருவரும் உட்கார்ந்தார்கள். அலாவுதீன் ஒரு அட்டவணை தயார் செய்து வைத்திருந்தார். சொன்னவர் பெயர், வயது, நடந்தது என்ன, பாதிக்கப்பட்டவர் விண்ணப்பதாரருக்கு என்ன உறவு. டேப் ஓடும். பொன்னுச்சாமி நிறுத்தி, ஊர்ப் பேச்சைப் புரியவைப்பான். அலாவுதீன் இங்கிலீஷில் தட்டுவார்.

"பொன்னு, நாந்தான் கல்லாங்காட்டு அத்தை. ஒங்க மாமனுக்கு வயித்துவலி வந்துச்சு. ஓடையில தண்ணி. ரெண்டு நாளு கரையிலயே வெச்சிருந்தோம். மூணாம் நாளு தண்ணி விட்டுச்சு, மாமன் இல்ல. நீ சாப்புட்டியா?"

"சித்தப்பா, நான் மேலத்தெரு பொண்ணு பேசறேன். எங்கூட்டுக்காரரைப் பாம்பு தொட்டுச்சு. நாகவள்ளி சித்தி கட்டு போட்டாங்க. மருந்து கீழதான் இருக்குன்னாங்க. பாதி வழியில கண்ணு சொருகிடுச்சு. அந்தச் சென்னைக்காரருகிட்ட நல்லா இருக்கோம்னு சொல்லிட்டேன் சித்தப்பா. தப்பா?"

பெரும்பாலும் இப்படித்தான். அழுகை இல்லை, அலங்காரம் இல்லை. சொல்லி முடித்ததும் எல்லோரும் அவன் சாப்பிட்டானா என்று கேட்டார்கள். பொன்னுச்சாமிக்குச் சில சாவுகள் அன்றைக்குத்தான் தெரிந்தன. இரண்டு வருஷமாக அவன் போனில் விசாரித்துக்கொண்டிருந்த மாமன் போன வருஷமே இல்லை. நல்லா இருக்காரு என்று நாகவள்ளி ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறாள். அவனுக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. பதின்மூன்று பேர் ஆயிற்று. அலாவுதீன் விரலைச் சொடக்கிவிட்டு, போதும், டீ குடிக்கலாம் என்று எழுந்தார்.

அப்போது டேப்பில் நாகவள்ளி பேசினாள்.

"பேரு நாகவள்ளி. வயசு இருபத்திநாலு. மையத்துல உதவியாளு. நான் பதினாலாவது."

விண்ணப்பத்துக்கு விவரம் படித்துச் சொன்ன அதே குரலில் தன்னையும் சொன்னாள். எங்கோ ஒரு கோழி கொக்கரிப்பது கேட்டது.

"ஏங்க, நீங்க பிளேன் ஏர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே எனக்குத் தெரியும், ரெண்டு மாசம்னு. சொன்னா நீங்க ஏற மாட்டீங்க. எல்லாம் முடிஞ்சு டிக்கெட்டும் கைக்கு வந்துடுச்சு. பொறந்ததும் போன்ல சொல்லிக்கலாம், திடுக்குனு சந்தோஷப்படுவீங்கன்னு இருந்துட்டேன். ஊர்லயும் யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லி வெச்சேன். ஆகஸ்ட் மாசம் ஒரு சனிக்கிழம சாயங்காலம் பொறந்தா. பொண்ணு. நர்சம்மா வெள்ளிக்கிழமயே வந்துட்டுப் போயிட்டாங்க. ராத்திரி பூரா மூச்சு வேகமா வாங்குனா. விடிஞ்சதும் தூக்கிக்கிட்டு எறங்குனோம். ஓடையில தண்ணி. மத்தியானம் வரைக்கும் கரையில உக்காந்திருந்தேன். மடியிலதான் இருந்தா. அப்புறம் மூச்சு நின்னுடுச்சு. எதுக்கால கரையில ஆளுங்க நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க."

"நீங்க எப்ப வர்றீங்கன்னு நான் கேட்டதே இல்ல. உங்களுக்கு அது வருத்தம்னு தெரியும். கேட்டா அழுதுடுவேன். அழுதா சொல்லிடுவேன். அங்க ஒண்டியா ஒக்காந்து என்ன பண்ணுவீங்க? அதான் கேக்கல. மறைக்காம சொல்லச் சொன்னீங்க, சொல்லிட்டேன். அவ்வளவுதான்."

டேப் ஓடிக்கொண்டே இருந்தது. அலாவுதீன் மேஜையைச் சுற்றி வந்து அதை நிறுத்தினார்.

2003 ஆகஸ்ட். அந்த மாதம் நாகவள்ளி பூத்துக்கு வரவில்லை. இரண்டாம் வெள்ளி, மூன்றாம் வெள்ளி என்று இரண்டு தடவை கூப்பிட்டும், அவள் வரவில்லை என்று பூத்துக்காரர்தான் சொன்னார். அடுத்த மாதம் பேசியபோது மழை, இறங்க முடியவில்லை என்றாள். பொன்னுச்சாமி கோபத்தில் அன்றைக்குச் சரியாகவே பேசவில்லை, வேண்டுமென்றே சீக்கிரம் வைத்தான். ஒரு வாரம் அறையில் யாரோடும் சிரிக்கவில்லை. மனைவி ஒரு தடவை மலை இறங்கவில்லை என்று கோபித்துக்கொண்டோமே, அவள் எதைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள் என்று தெரியாமல் போயிற்றே என்று நினைத்தபோது அவன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"தம்பி," என்றார் அலாவுதீன். "பத்துப் பேரு போதும்னு சொன்னாக. நம்மகிட்ட பதிமூணு இருக்கு. இது உங்க வீட்டு விஷயம். விட்டுடலாம்."

"இல்ல பாய். போடுங்க. அவ சொல்லிட்டா."

அலாவுதீன் உட்கார்ந்து தட்டினார். பெயர், வயது, நடந்தது. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் அவர் விரல் நின்றது. மற்ற பதின்மூன்று பேருக்கும் அந்தக் கட்டத்தில் 'ஊர்க்காரர்', 'தூரத்து உறவு' என்று அவரே நிரப்பிக்கொண்டு வந்திருந்தார். இதை அவர் நிரப்பவில்லை. பொன்னுச்சாமி சொல்லட்டும் என்று திரையைப் பார்த்தபடி காத்திருந்தார்.

"மக," என்றான் பொன்னுச்சாமி. அந்தச் சொல்லை அவன் யாரையும் குறித்து அதுவரை சொன்னதில்லை. சரியாகக் கேட்டதோ இல்லையோ என்று இன்னொரு தடவையும் சொன்னான். "எம் மக பாய்."

அவன் போன பிறகு அலாவுதீன் வேறு வேலையைத் தொடவில்லை. கீழக்கரைக்குப் போன் போட்டார். எடுத்தது மனைவி ஹாலிதா.

"எங்கிட்ட என்னென்ன சொல்லாம வெச்சிருக்கீக?" என்று எடுத்த எடுப்பில் கேட்டார்.

"என்னங்க, திடீர்னு? இங்கெ எல்லாரும் நல்ல சுகம்," என்றாள் ஹாலிதா. இருபது வருஷமாக அவர் கேட்டு நிம்மதியாகத் தூங்கப்போன பதில் அது. அன்றைக்கு அவருக்கு அது போதவில்லை.

ஜூனில் பேசியபோது பொன்னுச்சாமி குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. கேசட் வந்தது என்றான், பதினாலு பேருடையதையும் கொடுத்துவிட்டேன் என்றான். பதினாலும் என்று அழுத்திச் சொன்னான். சரிங்க என்றாள் அவள். பூத் என்பது பலசரக்குக் கடைக்குள் கண்ணாடி வைத்து மறைத்த மூலை. வெளியே பருப்பு வாங்க வந்தவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். அங்கே அவளை அழவைக்க அவனுக்கு மனம் வரவில்லை. கேட்காமல் இருப்பதும் லேசாக இல்லை. பெட்டி தூக்கும்போது, சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது, பஸ்ஸில் தொழிலாளர் கேம்ப்புக்குத் திரும்பும்போது அவன் கைகள் ஒரு குழந்தையின் கனம் எவ்வளவு இருக்கும் என்று தேடின. அவன் ஒரு நாளைக்கு முந்நூறு பெட்டி தூக்குகிறவன். கையில் வாங்கியதும் கிலோ சொல்லிவிடுவான். அந்த ஒரு கனம் மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஏங்கினான். பார்க்காத ஒன்றுக்காக இவ்வளவு ஏங்க முடியும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஜூலை முதல் வாரம் சந்தியா மேடம் கிடங்குக்கே வந்துவிட்டாள். ஏசி அறையை விட்டு அவள் அங்கே வந்து யாரும் பார்த்ததில்லை. ஃபோர்க்லிஃப்ட்காரன் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"கமிட்டி ஓகே சொல்லிட்டாங்க பொன்னுச்சாமி. ரெசிடென்ட் நர்ஸ், ஜீப், எல்லாம். மூணு வருஷம்." கொஞ்சம் தயங்கினாள். "மீட்டிங்ல அந்த ஸ்டேட்மென்ட்ஸ் நான்தான் படிச்சேன். லாஸ்ட் ஒண்ணு படிக்க முடியல. வேற ஒருத்தர் வாங்கிப் படிச்சார். ஐ ஆம் சாரி."

"தேங்க்யூ மேடம்," என்றான் பொன்னுச்சாமி. "நோ பிராப்ளம்." அவனிடம் அவ்வளவுதான் இருந்தது. அவள் அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள்.

இரண்டாம் வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு முன்னாலேயே அவன் போன் கூண்டுக்குள் போய் நின்றுவிட்டான். முதல் மணியிலேயே அவள் எடுத்தாள்.

"வந்துடுச்சு வள்ளி."

"நெசமாவா?"

"நெசம். நர்சம்மா செப்டம்பர்ல இருந்து. ஊர்லயே தங்குவாங்க. ராத்திரியும்."

அவள் ரிசீவரை மார்போடு அழுத்திக்கொண்டாள் போலிருக்கிறது, சேலை உரசுகிற சத்தம் கேட்டது. கூட வந்திருந்த யாரிடமோ, வந்துடுச்சாம், வந்துடுச்சாம் என்று சொல்வதும், அங்கே கலகலவென்று பேச்சு எழுவதும் கேட்டன. திரும்ப வந்தபோது அவள் குரல் மூக்கடைத்திருந்தது.

"சாப்புட்டீங்களா?"

"வள்ளி," என்றான். "நீ ஒண்ணு சொல்லணும்."

"என்ன?"

கேட்டேவிட்டான். "யாரு ஜாடை?"

வெளியே பேசிக்கொண்டிருந்தவர்களை அவள் சும்மா இருக்கச் சொன்னாள். பிறகு பேசினாள். குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் அழவில்லை. யாராவது கேட்பார்களா என்று இரண்டு வருஷம் காத்திருந்தவள் பேசுவதுபோல ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள்.

"மூக்கு என்னோடது. மத்ததெல்லாம் உங்களதுதாங்க. நெத்தி அதே ஏறு நெத்தி. முடி நெறைய இருந்துச்சு, காதுக்குக் கீழ வரைக்கும். விரலு நீளம். எங்கம்மா பாத்துட்டு, இவ கைவேலையில கெட்டிக்காரியா வருவா, கையப் பாருன்னாங்க. ஒரு தடவ கண்ணத் தொறந்தா. ஓடக் கரையில நல்ல வெயிலு. ரெண்டு கண்ணையும் மூடல, ஒரு கண்ண மட்டும் சுருக்கிக்கிட்டுப் பாத்தா. அப்படியே நீங்க பாக்குற மாதிரி."

பொன்னுச்சாமி கூண்டுக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டான். வெளியே அடுத்தவர் கதவைத் தட்டினார். அவன் திரும்பவில்லை.

"எம்புட்டு கனம் இருந்தா?"

"ஒண்ணுமே இல்லீங்க," என்றாள் நாகவள்ளி. "தூக்கிட்டு எறங்குனப்ப கனமே தெரியல. திரும்பி ஏறுனப்பதான் கனமா இருந்தா."